ஷூ போட்ட எலும்புக்கூடு

உண்மையைக் கண்டுபிடிக்க மனிதகுலம் பல்லாயிரம் வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது. அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கோ முக்கால் மணி நேரமும் ஏழு கைகளும் போதுமானதாக இருந்தன.

விஷயம் இதுதான். உயிர்கள் கொஞ்சங்கொஞ்சமாக மாறி வந்தவை என்று உயிரியல் டீச்சர் பாடம் நடத்தினார். ஒரு பேரறிவு உட்கார்ந்து திட்டம் போட்டு அவற்றைச் செய்தது என்பதையும் அதே வகுப்பில் சரிசமமாக நடத்த வேண்டும் என்றது குழு. நாற்பது நிமிஷத்தில் அதற்கு இருபது, இதற்கு இருபது. டீச்சர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வகுப்பு பறிபோகும். நூலகத்தில் உட்கார்ந்து கிழிந்த புத்தகம் ஒட்டலாம்.

கூட்டத்தை ஆய்வகத்திலேயே வைத்தார்கள். 'அறிவியல் மணம்' வேண்டுமாம். வந்ததென்னவோ தவளை ஊறிய ஜாடிகளின் நாற்றம். எல்லோரும் 'லேப் அண்ணன்' என்று கூப்பிடும் ஆய்வக உதவியாளர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றார். முப்பது வருஷமாக அங்கே நிற்கிறவர். கோட்டுப் போட்டு வந்த எவனையும் அவர் நம்பியதில்லை. டீச்சரை மட்டும் நம்புவார். அதற்குக் காரணம் மூலையில் தொங்கிய எலும்புக்கூடு.

நாலு வருஷத்துக்கு முன் ஒட்டடை அடிக்கும்போது அதைக் கீழே தள்ளிவிட்டார். பொறுக்கியெடுத்துக் கம்பி வைத்துக் கட்டியதில் பாதம் இரண்டும் இடம் வலம் மாறிப்போயின. கட்டைவிரல்கள் வெளிப்பக்கம் நின்றன. வேலை போச்சு என்று நடுங்கினார். டீச்சரோ சிரித்தார்.

"அப்படியே இருக்கட்டும்ணே. புள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும். உத்துப் பாத்தாத்தானே தெரியும்?"

ஒவ்வொரு வருஷமும் முதல் வாரத்திலேயே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூட்டத்தில் குழு வரவழைத்திருந்த வல்லுநர் எழுந்தார். எதில் வல்லுநர் என்று அழைப்பிதழில் இல்லை. பிரம்பால் எலும்புக்கூட்டின் காலைத் தொட்டார்.

"இந்தப் பாதத்தப் பாருங்க! கட்டைவிரல் வெளிப்பக்கம்! ஏன்? உடம்பு சாஞ்சிடாம முட்டுக் குடுக்க. ஒரு நூல் மாத்தி வச்சாலும் மனுஷன் நடக்க முடியாது. இது தானா வந்திருக்குமா?"

"வராது, வரவே வராது" என்று உருகினார் தலைவர்.

டீச்சர் வாயைத் திறந்தார்.

"உங்க முறை வரும்மா, இருங்க" என்றார் தலைவர்.

லேப் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "தானா வரலைங்க. நான்தான் மாட்டினேன்."

"எதை?"

"பாதத்தைத்தான். மாறிப்போச்சு. நம்பலைன்னா உங்க செருப்பக் கழட்டிப் பாருங்க."

மேஜைக்கடியில் ஏழு ஜோடிச் செருப்புகள் கழன்றன. ஏழு தலைகள் குனிந்தன. பள்ளி வரலாற்றில் நிர்வாகக் குழு ஒரு பொருளைக் கண்ணால் ஆய்வு செய்தது அதுவே முதல் தடவை.

"எனக்கு உள்பக்கமால்ல இருக்கு!" என்றார் துணைத்தலைவர், பயந்துபோய்.

வல்லுநர் மட்டும் குனியவில்லை. "அது அவரோட கருத்து."

"கருத்து இல்ல சார், கால்" என்றார் டீச்சர்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அந்தச் சமயத்தில் அவர் முகத்தில் நீதியே வந்து குடியேறியது போலிருந்தது.

"சண்டை வேண்டாம். உள்பக்கம்னு இருபது நிமிஷம், வெளிப்பக்கம்னு இருபது நிமிஷம். கையெழுத்துப் போடும்மா."

"மாட்டேன் சார்."

ஏழு கைகள் உயர்ந்தன. டீச்சர் சாக்பீஸ் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு நூலகத்துக்கு நடந்தார். எலும்புக்கூட்டின் 'கண்ணியம்' கருதி அதற்கு ஒரு ஜோடி ஷூ அணிவிக்கவும் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

அணிவிக்கும் வேலை லேப் அண்ணன் தலையில் விழுந்தது. இடது ஷூ இடது காலில் ஏறவில்லை. மாற்றிப் போட்டதும் வழுக்கிக்கொண்டு போயிற்று. தலைவர் வந்து பார்வையிட்டார். "இப்பத்தான்யா லட்சணமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையோடு ஒரு மெமோவும் கொடுத்தார். பாதங்களைத் தவறாக மாட்டியதற்கும், அதை மறுதரப்புக்கு வாய்ப்பளிக்காமல் ஒருதலைப்பட்சமாகக் கூட்டத்தில் கூறியதற்கும் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

லேப் அண்ணனுக்கு மூன்று நாள் தேவைப்படவில்லை. அந்த மெமோவின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்:

"ஐயா, நான் தெரியாமல் மாற்றி மாட்டினேன். நீங்கள் தெரிந்தே மூடினீர்கள். இதில் எதற்கு முதலில் விளக்கம் வேண்டும்?"