ரோலரில் பெண் பார்க்கப் போனவர்

பினாங்கிலிருந்து ஜோகூர் வரைக்கும் போட்ட ரோடு முழுவதும் தன் சொந்தச் சொத்து என்று நினைத்த ஆள் ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸ் ரோட்டுக் கூலிகள் லைனில் எனக்கு அடுத்த அறை. பெயர் யாருக்கும் தெரியாது. மூணுவாட்டி என்போம்.

நீராவி ரோலர் ஓட்டுவார். குழியைக் கண்டால் நிறுத்துவார். நான் கல்லும் மண்ணும் கொட்ட வேண்டும். அதன்மேல் மூன்று தடவை ஏற்றி இறக்குவார். இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் அன்று முழுக்கப் பேசமாட்டார். மற்ற நேரம் நான் சிவப்புக் கொடியோடு ரோலருக்கு முன்னால் நடப்பேன். அது சட்டம்.

அவருக்கு வயது நாற்பது. நான்கு இடம் தட்டிப்போனது. ஐந்தாவதாகக் கிள்ளானில் ஒரு பெண் அமைந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பினார். அந்த வாரம் ரோலரையும் கிள்ளானுக்குக் கொண்டுபோக உத்தரவு. நீங்கள் ரயிலில் போங்கள், ரோலரை வேறு ஆள் கொண்டு வரட்டும் என்றேன்.

"அவன் ரெண்டு வாட்டியோட விட்டுருவான்" என்றார்.

புதன்கிழமை கிளம்பினோம். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். பெட்டாலிங் வருவதற்குள் வேட்டி கறுத்துவிட்டது. மாட்டுவண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. வாத்து ஓட்டிக்கொண்டு வந்த சீனக் கிழவியும் தாண்டிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, பத்து தீகா என்ற ஊரில் ஒரு குழியில் நின்றோம். பெண்ணின் அண்ணன் சைக்கிளில் வந்தான்.

"எல்லாரும் ஒக்காந்திருக்காங்கண்ணே. பின்னால ஏறுங்க."

"ஒரு வாட்டிதான் ஆயிருக்கு."

"பொண்ணு முக்கியமா, குழி முக்கியமா?"

"நாளைக்குப் பொண்ணு வண்டியும் இதுலதான்லா வரணும்."

சைக்கிள் தனியாகத் திரும்பிப் போனது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை ராகுகாலம் சரியாக ஒன்பதிலிருந்து பத்தரை வரை.

பெண்ணின் அப்பா வாசலில் நின்றார். வா என்று சொல்லவில்லை. மூணுவாட்டி கரி முகத்தோடு இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் கும்பிட்டார். பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ கூட வேலை பாக்குறவன். ஆளு எப்படி? உள்ளதச் சொல்லு."

எனக்கு அதிகம் பேச வராது.

"பத்து டன் ரோலருங்க. ஆறு வருசமா அவருக்கு முன்னால நடக்குறேன். ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல."

பெரியவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு பேரும் கை கால் கழுவுங்க" என்றார். "பத்தரை ஆனதும் பொண்ணு காப்பி கொண்டு வரும்."