வேதக்கோயில் பாத்தியில் ஒரு கோலம்

தாராவி, மும்பை
புரட்டாசி, ஞாயிறு மாலை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா சண்முகவடிவுக்கு, தம்பி வானமாமலை வணங்கி எழுதுவது. இங்கு நானும் பானுமதியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது வலி, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் உன் ஆடுகளும் உன் பிடிவாதமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் பழைய விஷயம்தான். போனில் ஆரம்பித்தால் சார்ஜ் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் மறுபடியும் கடிதம். இரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது என்பதற்காக, அத்தான் பாடுபட்ட மானாவாரி நிலத்தைப் பிளாட் போடுகிறவனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்கிறாய். கொடுத்துவிட்டு என்ன செய்வாய்? நாள் முழுக்க டிவி பார்ப்பாயா? உன்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பது இந்தத் தாராவிக்கே தெரியும். அந்த நிலம் போனால் நீ படுத்துவிடுவாய், எனக்கு அந்தப் பயம்தான். எங்கள் சந்து சர்ச்சும் உங்கள் ஊர் வேதக்கோயிலும் கூட்டுச் சேர்ந்து சின்ன விவசாயிகளுக்குப் புது முறையில் பயிர் வைக்கச் சொல்லித் தருகிறார்கள், எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, ஒருநாள் போய் உட்கார்ந்துதான் பாரேன் என்று எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான் பதில் போடுகிறாய்: "அம்மன் கோயிலுக்குப் போற காலு அங்கன வராது, முடியாது."

சொன்னால் நம்ப மாட்டாய், செய்து காட்டிவிட்டு எழுதுவோம் என்று நானே இறங்கினேன், வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. இங்கே இந்த வேலைக்குப் பொறுப்பு நம் ஞானசிகாமணி. என்னோடு லேத் பட்டறையில் இருந்தவர், உன் கையால் தினமும் டீ வாங்கிக் குடித்தவர், மறந்திருக்க மாட்டாய். அறுப்பின் பண்டிகைக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அவரிடம் கேட்டு, கோயில் முற்றத்தில் கதவளவு ஒரு பாத்தி வாங்கினேன். நிலத்தை உழக்கூடாதாம். முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு கை தொழுவுரம், அதில் மக்காச்சோள விதை, கடைசியில் மண்ணே தெரியாதபடி சருகைப் பரப்பி மூடாக்குப் போட வேண்டும், அப்போதுதான் மழை பொய்த்தாலும் ஈரம் நிற்கும், களையும் வராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தாராவியில் சருகுக்கு நான் எங்கே போவேன்? இங்கே தோல் கிடைக்கும், தகரம் கிடைக்கும், உடைந்த பிளாஸ்டிக் மலை மலையாகக் கிடைக்கும். சாக்கைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா போய் மரத்தடியில் குனிந்து பொறுக்கினால், ஒரு வாட்ச்மேன் வந்து என்ன தொலைந்தது என்று இந்தியில் விசாரிக்கிறான். மூடாக்குக்கு இந்தியில் என்ன சொல்வது என்று தெரியாமல், வீட்டில் முழங்கால் வலி, மருந்துக்கு என்று சொல்லிவைத்தேன். பாவம், அவனுக்கும் முழங்கால் வலியாம். எனக்கு அரைச் சாக்கு பொறுக்கிக் கொடுத்துவிட்டு, தன் சட்டைப் பையிலும் ஒரு பிடி போட்டுக்கொண்டான்.

விதை முளைத்து, சருகுக்கு மேலே வரிசை பிசகாமல் தலை காட்டிவிட்டது. இன்று காலை பண்டிகை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் முன்னால் போய் ஒத்தாசை செய்கிறேன் என்று பானுமதி கிளம்பினாள், நானும் சரி என்று விட்டேன். சருகு கிடந்தால் அவள் கை சும்மா இருக்குமா? அத்தனையையும் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து, முளைகளையே புள்ளியாக வைத்துச் சுற்றிலும் ஒரு சிக்குக் கோலம் போட்டுவிட்டாள். ஞானசிகாமணி கையில் மைக்கோடு, மண்ணை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள் என்று முழங்கிக்கொண்டே சபையை அழைத்து வந்து நிற்கிறார், பாத்தி கழுவிவிட்ட தரை மாதிரிப் பளிச்சென்று இருக்கிறது. ஏட்டி, என்ன பண்ணி வச்சிருக்க என்று கேட்டேன்.

"புள்ளி வச்சு ரெடியாத்தான கெடந்துச்சு, நான் இழைய மட்டும் போட்டேன். நல்ல நாளும் அதுவுமா குப்பையக் கொட்டியா வச்சிருப்பாவ?" என்றாள்.

ஞானசிகாமணி சிரித்த சிரிப்பில் மைக் கீழே விழுந்தது. பயிரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கோலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது, கூடவே உன் நினைப்பும் வந்துவிட்டது. அவள் அந்தக் கூட்டலை உன்னிடம்தானே படித்தாள். அப்பள வேலைக்குப் போகும் முன்னால் நீங்கள் இரண்டு பேரும் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், சைனப் வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டுவீர்கள், சைனப் உங்கள் குடத்துக்குக் குழாயடியில் இடம் பிடித்து வைப்பாள். நம் தகரக் கூரை மேலே எண்ணெய் டின்னில் நீ பாகல் வளர்த்தாய், மழை வந்தால் ஒழுகுவது கூரையா டின்னா என்று யாருக்கும் தெரியாது. காய்த்த நாலு காயை அத்தனை வீட்டுக்கும் பங்கு வைத்து எல்லார் வாயையும் கசக்க வைத்தாய். ஊரோடு போய்விடலாம் என்று அத்தான் உன்னைக் கூட்டிப் போன அன்று, தாதரில் ரயில் நகர்ந்த பிறகும் நான் உன் ஜன்னலோடு ஓடி வந்தேன். இன்றைக்கும் அந்தப் பழைய சந்துக்குள் போனால் கூரையை அண்ணாந்து பார்க்காமல் வர முடிவதில்லை. அந்தக் காலம் நன்றாக இருந்தது, அக்கா. டின்னில் காய்க்க வைத்தவளுக்கு நிலத்தில் முடியாதா?

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், நிலத்தைக் கொடுத்துவிடாதே. அடுத்த வகுப்புக்குப் போ. பானுமதி தன் கோலத்தின் போட்டோவை உனக்கு அனுப்பச் சொல்கிறாள், அனுப்புவதாக இல்லை. அத்தான் படத்துக்கு என் பேரிலும் ஒரு பூ வை. அம்மன் உனக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் நல்ல புத்தியையும் தரட்டும்.

உன் தம்பி,
வானமாமலை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் எனக்கு ஆறுதல் சொல்ல ஞானசிகாமணி வந்தார். உங்கள் ஊர் போதகர் அனுப்பிய வீடியோ என்று போனில் ஒன்றைக் காட்டினார். அத்தான் நிலம், வரிசையாகக் குழி, நடுவில் முடிச்சுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுத்துப் பிடிலே, தொய்யுது என்று ஆம்பிளைகளை அதட்டுகிற பொம்பளை நீ. ஆடி மாதத்திலிருந்தே வகுப்புக்குப் போகிறாயாம், பிளாட்காரனை அப்போதே திருப்பி அனுப்பிவிட்டாயாம். போதகரிடம் நீ சொன்னதையும் ஞானசிகாமணி சொல்லிவிட்டார்: "தம்பிகிட்ட சொல்லிராதீங்க ஐயா. சரின்னு சொல்லிட்டா அவன் லெட்டர் போடுறத நிறுத்திருவான்." அக்கா, நான் எந்த வீடியோவையும் பார்க்கவில்லை. இதற்கும் முடியாது என்றே பதில் எழுது.