கணக்குத் தூய்மை வாரம்

டொக். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அதற்குள் ஒரு வாய் தேநீர் குடித்துவிடலாம். மறுபடி டொக். இப்படிக் கணினியில் ஒற்றை விரலால் கடவுச்சொல்லின் எட்டு எழுத்தைத் தட்டிவிட்டு, ஒன்பதாவதைக் கொசு அடிப்பதுபோல் ஓங்கி அடிப்பார் ஆய்வக உதவியாளர். உடனே பெரிய நுண்ணோக்கி முனகிக்கொண்டே கண் விழிக்கும். தாவரவியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று பாசியக்கா காதில் விழுந்த முதல் சத்தம் அதுதான். ஏழு வருடம் ஆயிற்று.

அவள் ஆராய்ந்தது பாசி. அதனால் துறையில் எல்லாருக்கும் அவள் பாசியக்கா. அவளைவிட இருபது வயது மூத்த நூலகர்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

அந்த நுண்ணோக்கியைப் பொருத்த வந்த ஆள், "இங்க தினமும் யாரு உக்காருவாங்க? அவங்க பேர்ல ஒரு கணக்குத் திறக்கணும்" என்று கேட்டாராம். அன்றைய துறைத் தலைவர் சற்று யோசித்து, உண்மையைச் சொல்லிவிட்டார். பெரிய அலுவலகங்களில் இப்படி எப்போதாவது வாய் தவறிவிடுவது உண்டு. ஆய்வக உதவியாளர் பெயரில் கணினியில் கணக்குத் திறந்தார்கள். அன்று முதல் யார் எந்த இலையை, எந்த வேரைப் படம் எடுத்தாலும் அது அவர் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. கடவுச்சொல் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதால் அதைப் பீரோக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் அவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். கணக்கு ஓய்வு பெறவில்லை.

இந்த நிலையில்தான் கணினி உதவி மையத்தின் சுற்றறிக்கை வந்தது.

"இதனால் சகலருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், கணக்குத் தூய்மை வாரத்தை முன்னிட்டு, ஆள் இல்லாக் கணக்குகள் அனைத்தும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மூடப்படும். கணக்கு இல்லா ஆட்கள் குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு நுண்ணோக்கி கண்ணை மூடிக்கொண்டது. அதனோடு பாசியக்காவின் நாலாயிரத்து முந்நூறு படங்களும் உள்ளே போயின. அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஏற்கனவே இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று; மூன்றாவது கிடையாது. தவறினால் பதிவே ரத்து. ஆராய்ச்சியைவிட ஒரு வயது சின்னவளான அவள் மகள், வீட்டில் ஆராய்ச்சியைத் தன் அக்கா என்றே நினைத்திருந்தாள். "அக்கா எப்பம்மா நம்ம வீட்டை விட்டுப் போகும்?" என்று அன்று காலைகூடக் கேட்டாள்.

ஐந்து அத்தியாயங்களில் ஐந்தாவதுதான் உயிர். பாசியின் செல்லில் ஒரு கரும்புள்ளி. நான்கு வருடமாகத்தான் தென்படுகிறது. அதற்கு முன் எடுத்த படங்களில் இல்லை. ஆகவே சூழல் மாற்றத்தின் விளைவு என்று துறை முடிவு செய்திருந்தது. அது பாசியில் மட்டுமல்ல, காளானிலும் தென்பட்டது, காட்டாமணக்கிலும் தென்பட்டது. துறையில் நான்கு பேருக்கு அந்தப் புள்ளியால் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

உதவி மையம் தரைக்குக் கீழே இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மிக மரியாதையான மனிதர். யாருக்கும் உதவ முடியாதபோதெல்லாம் எழுந்து நின்று சொல்வார். அதனால் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தார்.

"புகாரை இணையத்துல பதிவு பண்ணிடுங்க மேடம்."

"எப்படிப் பதியறது?"

"உங்க கணக்குக்குள்ள போயி."

"கணக்குதானே சார் மூடியிருக்கு?"

"மூடின கணக்கைப் பத்தி இதுவரைக்கும் எங்களுக்கு ஒரு புகார்கூட வந்ததில்ல மேடம்" என்றார் அவர் பெருமையோடு. "நூத்துக்கு நூறு திருப்தி. மேலிடத்துல பாராட்டியிருக்காங்க."

பாசியக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு இரக்கமாகப் போய்விட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. அந்த ஆளுக்கு ஏதாவது பதவி இருந்தா கணக்கு தானா திறந்துக்கும். மாணவரா சேருவாரா?"

"அவருக்கு அறுபத்திரண்டு வயசு."

"ஊழியரா எடுக்கணும்னா எட்டு மாசம் ஆகும். மதிப்புறு பேராசிரியர்னா அரை மணி நேரம்."

"அதுக்குத் தகுதி?"

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கட்டமே இல்லையே மேடம். தலைவர் கையெழுத்து, ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

துறைத் தலைவர் நவீன மனிதர். காகிதத்தை விரலால் தொட மாட்டார். எல்லாம் பலகைக் கணினிதான். 'உருமாற்றம்' என்ற சொல் வராமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாது. மின்விசிறியை நிறுத்தச் சொல்வதானாலும் அது காற்றோட்ட உருமாற்றம்.

"யாரும்மா இவரு?"

பாசியக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "நம்ம துறையில பன்னெண்டு வருஷமா நடந்த எல்லா ஆராய்ச்சியும் இவர் பேர்லதான் சார் இருக்கு."

தலைவர் திகைத்துப்போனார். "அப்பேர்ப்பட்டவரையா ரிட்டயராக விட்டோம்?" என்று சொல்லிக்கொண்டே விரலால் கையெழுத்தைக் கிறுக்கினார்.

ஆய்வக உதவியாளர் மகளுடைய தையல் கடையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஊசியைத் தன் காலரில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பேராசிரியரா? நான் எட்டாவதும்மா. அதுலயும் ரெண்டு தடவை."

"அதெல்லாம் படிவத்துல கேக்கலண்ணே. ஒரு போட்டோ எடுத்தாப் போதும். என் ஏழு வருஷம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு."

"போய்ட்டு வாங்கப்பா" என்றாள் மகள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமல். "பட்டன் எங்கயும் ஓடிடாது."

வியாழக்கிழமை போட்டோ எடுத்தார்கள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். நாலாயிரத்து முந்நூறு படங்களும் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தன. வெள்ளிக்கிழமை நாலு ஐம்பதுக்குப் பாசியக்கா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தவளை மகள் போர்த்திவிட்டாள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அலுவலகம் என்பது யாரையும் நிம்மதியாக விட்டுவைக்கிற இடமல்லவே.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மதிப்பெண் என்று ஒரு புது நாகரிகம் வந்திருந்தது. யாருடைய கணக்கிலிருந்து எத்தனை படம், எத்தனை கட்டுரை என்று இயந்திரமே எண்ணி, வாசலில் இருக்கும் பெரிய திரையில் வரிசை போடும். இதுவரை உதவியாளர் கணக்கை அது ஆளாகவே மதிக்கவில்லை. இப்போது பேராசிரியர் ஆகிவிட்டார் அல்லவா? எண்ணியது. திங்கட்கிழமை காலை எல்லாரும் உள்ளே நுழையும்போது, ஊசியைக் காலரில் குத்தியபடி எடுத்த போட்டோவோடு அவர் முதலிடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் பத்தொன்பதாவது இடத்தில் இருந்தார்.

அப்போதாவது ஒருவர் வாய் திறந்திருக்கலாம். திறந்தால், அவருக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்ற கேள்வி வரும். அவரவர் கட்டுரைக்குப் படம் எடுத்தது யார் என்ற கேள்வியும் வரும். ஆகவே எல்லாரும் வரிசையில் நின்று வாழ்த்துச் சொன்னார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. மதிப்பெண்ணில் முதலாவதாக வருகிறவரே அந்த வருடத்து வாய்மொழித் தேர்வுகளுக்குத் தலைமை வகிப்பார். முன்பு ஒரு வருடம் தாமே முதலிடத்தில் இருந்தபோது இப்போதைய தலைவர் கொண்டுவந்த விதி அது.

ஆறு வாரம் கழித்துப் பாசியக்கா தேர்வு மண்டபத்தில் நின்றாள். நடுநாற்காலியில் உதவியாளர், சலவைச் சட்டையோடு. இரண்டு பக்கமும் பேராசிரியர்கள். பின்வரிசையில் அவள் கணவன், மடியில் மகளை உட்காரவைத்திருந்தான். நான்கு அத்தியாயம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஐந்தாவது வந்ததும் திரையில் கரும்புள்ளி பெரிதாக நின்றது.

"மதிப்புறு பேராசிரியர் ஏதாவது கேக்க விரும்பறாரா?" என்றார் தலைவர், கேட்க மாட்டார் என்ற நம்பிக்கையோடு.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"அம்மாடி, அடுத்த படத்தைப் போடு."

போட்டாள்.

"அதுக்கு அடுத்தது."

போட்டாள்.

"எல்லாத்துலயும் வலப்பக்கம் மேல, ஒரே இடத்துல இருக்கு பாரு. இது பாசியில இல்லம்மா. கேமராக் கண்ணாடியில இருக்கற கறை. நான் இருந்தவரைக்கும் வாராவாரம் தொடைப்பேன். எனக்கப்புறம் யாரு தொடைக்கறாங்க?"

ஒருவருடைய பேனா உருண்டு கீழே விழுந்தது; அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவேயில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கைக்கடிகாரம் கீச்சிட்டது. உட்கார்ந்தே இருந்தால் உடம்புக்கு ஆகாது, எழுந்திரு என்று மணிக்கொருதரம் சொல்லும் புதுமாதிரிக் கடிகாரம். தலைவர் எழுந்தார். தலைவர் எழுந்ததைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். எழுந்தபின் சும்மா நிற்க முடியாமல் கைதட்டினார்கள். "மதிப்புறு பேராசிரியரின் மேலான கருத்து, அவையோரால் எழுந்து நின்று பாராட்டப்பட்டது" என்று குறிப்பேட்டில் ஏறியது. என்ன கருத்து என்று எழுத அதில் இடம் இல்லை.

நடைபாதையில் உதவியாளர் அவளைத் தேடி வந்தார். "உன் பொழப்பைக் கெடுத்துட்டேனாம்மா?"

"இல்லண்ணே" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வந்தது. "நாலு வருஷமா ஒரு அழுக்கைப் படம் புடிச்சிருக்கேன், அதுவும் எவ்வளவு தெளிவா!"

ஐந்தாம் அத்தியாயத்தை அவள் எடுத்துவிட்டாள். எடுக்க வேண்டாம் என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து கெஞ்சினார்கள். மீதி நான்கு அத்தியாயத்துக்கே பட்டம் கிடைத்தது. துறை தன் கட்டுரை எதையும் திரும்பப் பெறவில்லை. கரும்புள்ளிக்கென்று தனி ஆய்வு மையம் திறந்தார்கள். நுண்ணோக்கி அறையில் புது அறிவிப்பு தொங்குகிறது: "கேமராக் கண்ணாடியைத் துடைப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது."

அதே துறையில் ஆசிரியர் வேலை காலியானபோது பாசியக்கா விண்ணப்பித்தாள். கரும்புள்ளித் துறையில் போதிய அனுபவம் இல்லை என்று பதில் வந்தது. இப்போது அவள் ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்குத் தாவரவியல் நடத்துகிறாள்.