அப்ரூவல் ஆன தாழ்ப்பாள்

“தாழ்ப்பாள் வெளியிலதானுங்க்கா, வெளியில போட்டாத்தான் அது—”

“உள்ள ஒண்ணு வேணுமுங்க மொதலாளி, உள்ள—”

“—பாதுகாப்பு. நாஞ் சொல்றதச் சித்த கேளுங்க, வெளியில—”

“—உள்ள இல்லாட்டி அது கதவுங்களா? கோழிக்கூண்டுக்குத்தானுங்க வெளியில மட்டும் கொண்டி வெப்பாங்க!”

கோட்டை கட்டிய மன்னர்கள் எல்லாரும், எதிரி உள்ளே வந்துவிடக் கூடாதே என்றுதான் கதவுக்குத் தாழ் போட்டார்கள். கோட்டைக்குள் இருப்பவர்களை வெளியிலிருந்து பூட்டி, அவர்களிடமிருந்தே அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் உதிக்கவில்லை. அதற்குத் திருப்பூர்ப் பக்கம் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் குமாரவேல் பிறந்து வர வேண்டியிருந்தது.

தெற்கத்திச் சீமையிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்காக அவர் புது ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தார். பூச்சு வேலை முடிந்து கதவு மாட்டும் கட்டம் வந்ததும், ‘கதவு, பூட்டு, கைப்பிடி மற்றும் இதரப் பொருட்கள் தேர்வு ஆலோசனைக் கூட்டம்’ என்று பலகையில் எழுதிக் கூட்டத்தைக் கூட்டினார். கம்பெனி எல்லா விதிகளையும் மதிக்கிறது என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களை நம்பவைக்கும் உத்தியோகத்தில் இருந்த அருள்செல்வன் லேப்டாப்போடு வந்திருந்தார். செக்கிங் செக்‌ஷனில் தலை நரைத்து, இனி இந்த ஹாஸ்டலுக்கு வார்டன் ஆகப்போகிற அமராவதியும் அழைக்கப்பட்டிருந்தாள். கூட்டத்துக்கு டீ கொண்டுவர ஒரு ஆள் வேண்டுமல்லவா?

மேசையில் பச்சைத் துணி விரித்து, சீர்த்தட்டு மாதிரி பூட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஆபீஸ் ரூம் கைப்பிடி பளபளப்பாக இருப்பதா, மங்கலாக இருப்பதா என்பதிலேயே காலை முழுவதும் போயிற்று. அரிசி வைக்கும் அறைக்கு இரட்டைப் பூட்டு என்று ஏகமனதாகத் தீர்மானமானது. அரிசிக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து அமராவதிக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் பெண்கள் அறைக்கு முறை வந்தபோது குமாரவேல் தலை நிமிராமலே, “வெளியில பூட்டற மாதிரி ஒரு அல்ட்ராப் தாழ்ப்பாள். போதும். அடுத்தது?” என்றார். அங்கே மூண்டதுதான் மேற்படி சண்டை.

“உள்ள தாழ்ப்பாள் குடுத்தா என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமுங்களா? போட்டுக்கிட்டு செல்போன்ல பேசுவாங்க.”

“துணி மாத்துவாங்க மொதலாளி.”

“துணி மாத்தறதுக்கு எதுக்குங்க தாழ்ப்பாள்?”

“உங்க ஊட்டுப் பாத்ரூமுக்கு இருக்குதுங்களா, இல்லீங்களா?”

அருள்செல்வனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“பெத்தவங்க நம்மள நம்பி அனுப்பியிருக்கறாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அவிங்களுக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் குமாரவேல். பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். ஓவர்டைம் பற்றிப் பேசும்போது மட்டும் தெளிந்துவிடும்.

பெண்கள் அப்போதைக்குத் தங்கியிருந்த வாடகை ஹாஸ்டல்தான் அமராவதியின் கண்ணில் நின்றது. அங்கேயும் உள்தாழ்ப்பாள் கிடையாது. முதலாளியின் மச்சான் கந்தப்பன் அவர்கள்தான் அங்கே சூப்பர்வைசர். பெண்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று ‘தலை எண்ணுவது’ அவர் பொறுப்பு. கடமையில் அவருக்கிருந்த வேகத்தில் கதவைத் தட்டுவதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. அதிலும் பெண்கள் குளித்துவிட்டு வரும் நேரத்தில்தான் தலைகள் சரியாக எண்ணவரும் என்று எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஆகவே அந்தப் பெண்களும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி துணி மாற்றும்போது இன்னொருத்தி கதவுக்கு முதுகு கொடுத்து நிற்பாள். எலும்பும் தோலுமான அந்தத் தாழ்ப்பாளுக்குத் துருப்பிடிக்காது, சம்பளமும் கிடையாது. போன வாரம் கந்தப்பன் அவர்கள் கொஞ்சம் கூடுதல் கடமையுணர்ச்சியோடு தள்ள, முதுகு கொடுத்து நின்ற தமிழ்மதி போய்க் கட்டிலில் மோதினாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. தமிழ்மதியின் தலை மட்டும் ஒன்றுக்கு ஒன்றேகாலாக வீங்கியிருந்தது.

அமராவதி அன்றைக்கே முதலாளியிடம் போய்ச் சொன்னாள். “கந்தப்பன் நம்ம பையனுங்க்கா. அவனுக்கு எல்லாப் புள்ளைகளும் தங்கச்சி மாதிரி,” என்று விசாரணை முடிந்தது.

இப்போது கூட்டத்தில் இருமி முடித்த அருள்செல்வன் மெதுவாகச் சொன்னார்: “சார், பையரோட ரூல்ஸ்படி ரூமுக்கு உள்பக்கம் போல்ட் கட்டாயம் இருக்கணும். வெளிய லாக் பண்ற மாதிரி எதுவுமே இருக்கக் கூடாது.”

“பையரே சொல்லியிருக்கறாங்களா?”

“ஆமா சார்.”

குமாரவேலின் முகம் மலர்ந்தது. அமராவதி சொன்னால் தொணதொணப்பு. அதையே பையர் சொன்னால் வேதவாக்கு. “அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா? சாம்பிள் போட்டறலாம்!”

திருப்பூரில் சாம்பிள் போடாமல் எதுவும் நடக்காது. ஒரே ஒரு சட்டையைக் கண்ணும் கருத்துமாகத் தைத்து பையருக்கு அனுப்புவார்கள். அவர் தடவிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, ‘அப்ரூவல்’ கொடுத்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். அந்த ஆயிரத்துக்குப் பெயர் பல்க். பல்க்குக்கும் சாம்பிளுக்கும் உள்ள உறவு, மாப்பிள்ளைக்கும் ஜாதகத்துக்கும் உள்ள உறவு.

மாடிப்படியை ஒட்டிய அறை சாம்பிள் ரூம் ஆயிற்று. உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். வெளியே ஒரு ஆணிகூட இல்லை. பையர் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். உள்ளே போய்த் தாழ் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார். வெளியே வந்து “வெரி குட்” என்றார். அப்ரூவல் ஆகிவிட்டது. அமராவதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டமாய்ப் போய், “கண்ணு, இனி நீ கதவுக்கு முதுகு குடுக்க வேண்டியதில்ல!” என்று தமிழ்மதியிடம் சொன்னாள்.

மறுநாள் பார்த்தால், மற்ற அறைகளில் ஆசாரி வெளிப்பக்கம் அல்ட்ராப் முடுக்கிக்கொண்டிருந்தார். உள்பக்கம் வழவழவென்று இருந்தது.

“ஏனுங்க மொதலாளி, ஆசாரி மாத்தி அடிக்கறாருங்க!”

“மாத்தியெல்லாம் இல்லீங்க்கா. அது சாம்பிள். இது பல்க்.”

“அந்தம்மா திரும்பி வந்து பாத்தா?”

“சாம்பிளத்தானுங்க காட்டுவோம். எந்த பையருங்க பல்க்கப் பூராப் பிரிச்சுப் பாத்தாங்க?”

“அப்ப அந்த ரூமுல யாரு இருக்கறதுங்க?”

“சாம்பிளப் போயி யாராச்சும் உடுத்துவாங்களா?” குமாரவேல் சிரித்தார். பிறகு பெருந்தன்மை பொங்க, “சரி, நீங்க இருந்துக்குங்க. வார்டன் ரூம். உங்களுக்கு உள்தாழ்ப்பாள். இப்ப சந்தோசந்தானுங்களே?” என்றார்.

அமராவதி திரும்பிச் சாம்பிள் ரூம் கதவைப் பார்த்தாள். வாய் திறக்காத பெண்ணைவிடச் சம்மதிக்கும் பெண் ஏது? ‘வார்டன் முழுமனதுடன் ஏற்றுக்கொண்டார்’ என்று கூட நின்ற அருள்செல்வன் லேப்டாப்பில் தட்டினார்.

திறப்பு விழாவுக்கு மேடமே வந்தார். வாழை மரம், நாகஸ்வரம், ரிப்பன். பெண்களை வேனில் கொண்டுவந்து இறக்கி, புது யூனிபார்ம் சேலையைக் கையில் கொடுத்து, “கட்டிக்கிட்டு வந்து வரிசையா நில்லுங்க,” என்று மேலே அனுப்பியிருந்தார்கள். ரிப்பன் காத்திருந்தது. கத்தரிக்கோல் காத்திருந்தது. பெண்களைக் காணோம்.

தலை எண்ணப் போன கந்தப்பன் அவர்கள் தலைதெறிக்க இறங்கி வந்தார்.

“மாமா, எல்லா ரூமும் காலிங்க. ஒருத்தி பாக்கியில்லாம அந்தச் சாம்பிள் ரூமுக்குள்ள போயி அடைஞ்சுக்கிட்டாளுக!”

“அதுக்கென்ன, தள்ளு.”

“தோள் குடுத்துத் தள்ளிப் பாத்துட்டேனுங்க. அசைய மாட்டேங்குது.”

“இன்னொருக்காத் தள்ளுடா!”

“அந்தம்மா பாத்துக்கிட்டே இருக்கறாங்க மாமா.”

பார்த்துக்கொண்டிருந்த மேடம் அருள்செல்வனிடம் என்னவோ சொன்னார். “சார்,” என்றார் அருள்செல்வன், “மேல போய்ப் பார்க்கணும்ங்கறாங்க. கதவைத் தட்டச் சொல்றாங்க.”

“யாரை?”

“உங்களைத்தான் சார்.”

எல்லாரும் மாடி ஏறினார்கள். தான் கட்டிய கட்டடத்தில், தான் வாங்கிய கதவின் முன்னால், குமாரவேல் வெகுநேரம் விரலை மடக்கிக்கொண்டு நின்றார். பழக்கமில்லாத வேலை. கடைசியில் மெல்லத் தட்டினார்.

உள்ளே வளையல் சத்தமும் சிரிப்பும் சட்டென்று அடங்கின.

“யாருங்க அது?” அமராவதியின் குரல்.

“நாந்தானுங்க்கா. மொதலாளி.”

மேடம் கதவோரம் வந்து நின்றார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லி அருள்செல்வனுக்குச் சைகை காட்டினார். உள்ளேயிருந்து, நாகஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டுக் கேட்கும்படி, குரல் வந்தது:

“பொய் சொல்லாதீங்க! பொட்டப்புள்ளைக துணி மாத்தற ரூமுக்கு எங்க கம்பெனி ஆம்பளைக ஒருத்தரும் இதுவரைக்கும் தட்டிப்போட்டு வந்ததில்லீங்க. தட்டிக்கிட்டு நிக்கற நீங்க யாருங்க?”