சும்மா நின்ற சக்கரம்

பல் டாக்டரின் சிவப்புக் கார், வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனைச் சேற்றில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இடது பின்சக்கரம் தலைதெறிக்கச் சுற்றியது. வலது பின்சக்கரமோ யாருக்கோ வந்த விருந்து என்பதுபோல் சும்மா நின்றது.

தவறிப்போய் மாட்டிக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரையும் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மனுஷர் தானே அல்லவா கொண்டுபோய் இறக்கினார். போன மாதம்தான் அந்தக் காருக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்ற சாமானை வாங்கி, மெக்கானிக்கிடம் போடக் கொடுத்திருந்தார். "இதைப் போட்டப்புறம் வண்டி ஒரு தடவை சிக்கினாலும் வித்துடறேன்" என்று மனைவியிடம் வாக்கும் கொடுத்திருந்தார். மனைவிக்கு அந்தக் கார் சக்களத்தி மாதிரி.

அது என்ன சாமான் என்று அந்த வீட்டில் கேட்காத காது கிடையாது. தினமும் சாப்பாட்டு மேசையில் பாடம் நடக்கும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற, சாதா டிஃபரன்ஷியல் விட்டுக்கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் அங்கேதான் வினை. இன்ஜினின் பாடெல்லாம் அந்த வழுக்குகிற சக்கரத்திலேயே வீணாகும். இவர் வாங்கிய சாமானோ, ஒரு சக்கரத்தை மட்டும் இஷ்டத்துக்கு ஓட விடாது. பிடிப்புள்ள சக்கரத்துக்கும் பலத்தைத் தள்ளும். மழையில் வளைந்தாலும் கார் தரையோடு ஒட்டிக்கொண்டு பாயும். இத்தனையையும் இரண்டு தட்டுகளை உருட்டி உருட்டிக் காட்டுவார். மனைவியும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். மாமியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று டாக்டர் பார்த்ததில்லை.

சாமான் வந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு வளைவிலும், எப்படி ஒட்டுது பார்த்தியா என்பார். தன் வெள்ளைக் காரும் இப்போதெல்லாம் மழையில் வழுக்குவதில்லை என்று மனைவி ஒரு நாள் சொன்னாள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஆனால் அது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டி, சீட்டெல்லாம் பிஸ்கட் தூள். "நான் காத்து அடிச்சு வச்சேன்ல, அதான்" என்று அந்தப் பெருமையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

இப்போது ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். சக்கரம் இன்னும் புதைந்தது. வாசலில் கிடந்த புது மிதியடியை அதனடியில் திணித்தார். அது பறந்துபோய்க் கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பில் அப்பிக்கொண்டது. ஆபீசுக்குக் கிளம்பி நின்ற மச்சானைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னார். ஒரே நிமிஷத்தில் அவன் பிடித்துவைத்த களிமண் பொம்மையாகிவிட்டான்.

"அத்தான், இதுக்குப் பேர் என்னமோ சொன்னீங்களே" என்றான், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு.

மனைவி போய் வெள்ளைக் காரை எடுத்து வந்தாள். கடைக்குப் போக அதன் பின்சீட்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த மாமியார் இறங்கவே இல்லை. அதே சேற்றில் இறக்கி, கயிறு கட்டி, நிதானமாக இழுத்தாள். வெள்ளைக் காரின் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து சுற்றின. சிவப்புக் கார் நல்ல பிள்ளையாக மேலே வந்தது.

"சொன்ன சொல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு." அவர் சிவப்புக் காரை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. போனை எடுத்து, கார் புரோக்கரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். தேடத் தேடக் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"எல்லாம் அந்த மெக்கானிக் பண்ண வேலை. நாம வெளியூர் போயிருந்த அன்னிக்கு அவர்தானே வந்து வண்டியை எடுத்துட்டுப் போனாரு. ஒண்ணுமே போடாம அப்படியே திருப்பி விட்டிருக்காரு."

வெள்ளைக் காரின் பின்கண்ணாடி மெல்ல இறங்கியது.

"அவரைத் திட்டாதீங்க மாப்பிள்ளை. எந்த வண்டியில போடணும்னு என்கிட்டதான் கேட்டாரு. வழுக்காம காப்பாத்தும்னு நீங்க தினமும் சொல்வீங்களே, பிள்ளைங்க போற வண்டியில போடச் சொல்லிட்டேன்."