சுயேச்சைப் பாடகரும் அவருடைய இணைத் தயாரிப்பாளர்களும்

"என் பாட்டுல ஒரு நொடியைக்கூட எவனுக்காகவும் மாத்த மாட்டேன்!"

இந்த வீர வசனம் ஓர் இசைக் கம்பெனியின் வரவேற்பறையில், தண்ணீர் இயந்திரத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் செடிக்கும் நடுவில் நின்று முழங்கப்பட்டது. கேட்டவர்கள் வரவேற்புப் பெண், பார்சல் கொண்டுவந்தவர், செடி. முழங்கியவர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வெளியேறத்தான் நினைத்தார். அது தானாக மெல்ல மூடிக்கொள்கிற ரகக் கதவு. பிடித்து இழுத்துப் பார்த்தார். கதவு அவருடைய கோபத்தைக் கொஞ்சமும் மதிக்காமல் தன் வேகத்திலேயே மூடியது. போகட்டும். அன்று முதல் அவர் சுயேச்சை.

வாசகரே, தேர்தல் சுயேச்சையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தக் கட்சித் தலைவருக்கும் கும்பிடு போட மாட்டேன் என்று வீறாப்பாகக் கிளம்பி, அதன் பலனாகத் தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டுக்கொண்டு போவாரே, அவரேதான். அந்த இனத்தின் சங்கீதக் கிளை இப்போது அமோகமாகத் தழைத்திருக்கிறது. உங்கள் தெருவில் நிச்சயம் ஒருவர் இருக்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். பட்டப்பகலில் ஒரு வீட்டில் மட்டும் எல்லா ஜன்னலும் சாத்தி, மின்விசிறி நின்று, உள்ளே இருப்பவர்கள் தும்மலை அடக்கிக்கொண்டு கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருந்தால், அங்கே ஒலிப்பதிவு நடக்கிறது என்று அர்த்தம்.

நம் சுயேச்சையின் ஒலிப்பதிவுக் கூடம் அவருடைய மனைவியின் துணி அலமாரி. புடவைகளும் குளிர்கால உடுப்புகளும் எதிரொலியை அப்படியே விழுங்கிவிடுமாம். பாதி உடம்பை அலமாரிக்குள்ளும் மீதியை வெளியிலுமாக வைத்துக்கொண்டு அவர் உருகிப் பாடும் காட்சி, திருட வந்த இடத்தில் மனம் திருந்தி அழும் திருடனைப் போல இருக்கும். ஃப்ரிட்ஜின் உறுமல் பாட்டில் விழக் கூடாது என்பதால் அதையும் அணைத்துவிடுவார்.

"ஏங்க, அணைச்சது சரி, மறுபடி போட்டீங்களா?" என்பார் மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வீடு திரும்பும் மனைவி.

"ஒரு கலைஞன்கிட்ட கேட்கிற கேள்வியா இது?"

"கலைஞன்கிட்ட கேட்கல. பால் திரிஞ்சுபோச்சு, அதுக்காகக் கேட்கறேன்."

இத்தனைக்கும் கம்பெனிக்காரர் அப்படி என்ன பாவம் செய்துவிட்டார்? அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு, கோபித்துக்கொண்டு போன ஒருவன் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுவதைப் பற்றியது. நடுவில் தட்டுகிற சத்தம் வரும். அதன் பிறகு ஒன்றுமே வராது. வாத்தியம் இல்லை, குரல் இல்லை. திறப்பார்களா மாட்டார்களா என்று அவன் நிற்கிற நேரம், நீங்களும் கூடவே நிற்க வேண்டும். பிறகுதான் தாழ்ப்பாள் விலகும், பாட்டு தொடரும். கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார். நடுவுல என்னமோ காலியா இருக்கே, அங்க கொஞ்சம் டிரம்ஸ் தூவிடலாமா?" என்றார். உப்பு தூவுவது போலக் கேட்டார். மேலே சொன்ன முழக்கம் அதற்குப் பதில்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மௌனம் நன்றாகவே இருந்தது. அலமாரிக்கு வெளியே நின்று முதல்முறை கேட்ட மனைவி ஃப்ரிட்ஜின் பொத்தானைத் தானே போட்டுவிட்டு வந்து, "அந்த இடம்தாங்க பாட்டு. அதை மட்டும் யார் சொன்னாலும் தொட்டுடாதீங்க" என்றார். அவர் பாராட்டுவது பண்டிகை போல எப்போதாவது வருவது. சுயேச்சை நெகிழ்ந்துபோய்ச் சத்தியம் செய்தார்.

சத்தியம் செய்த கையோடு பொதுமக்களிடம் நிதி திரட்டக் கிளம்பினார். இங்கேதான் இந்த இனம் தவறாமல் விழும் குழி இருக்கிறது. கம்பெனி வேண்டாம், ரசிகர்களே போதும் என்று ஒரு காணொளி எடுத்தார்கள். மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, சுயேச்சை ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைச் சாய்த்து, தொண்டையை லேசாகக் கரகரப்பாக்கிக்கொண்டு, "நண்பர்களே, இது என் பாட்டு இல்லை. நம்ம பாட்டு" என்றார்.

சொல்லலாமா? இப்படி ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லலாமா?

இந்த இனத்தில் பணம் கொடுப்பவர்களுக்குப் படிப்படியாகப் பரிசு உண்டு. சின்னத் தொகைக்கு நன்றி, அதற்கு மேல் கையெழுத்திட்ட பாடல் வரிகள், இன்னும் மேலே போனால் 'இணைத் தயாரிப்பாளர்' என்று திரையில் பெயர். நம்மவர் தாராள மனசுக்காரர். பல் டாக்டர் இணைத் தயாரிப்பாளர் ஆனார். மாடி வீட்டு ஆசிரியை ஆனார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், இறங்கும்போது ஆகியிருந்தார். எல்லோருக்கும் மேலாக, ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரியான சொந்த மாமனார் ஆனார். பாட்டு வெளிவருவதற்குள் அதைக் கேட்கப்போகிறவர்களைவிடத் தயாரித்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

தயாரிப்பாளர் என்று ஒரு மனிதரை அழைத்துப் பாருங்கள். அவர் அந்தக் கணமே நாற்காலியில் சற்றுச் சாய்ந்து உட்காருவார். பாடல் வரிகளைப் படித்திருந்த பல் டாக்டர், சுயேச்சையின் வாயைப் பிளந்து வைத்துக் கருவிகளைச் சொருகிவிட்டு, "ரெண்டாவது சரணம் கொஞ்சம் இழுவையா இருக்குல்ல?" என்று கேட்டார். சுயேச்சையால் "ஆ" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இது போதாதென்று தினமும் ஏதாவது பதிவு போட வேண்டும். 'நாளை ஒரு முக்கிய அறிவிப்பு' என்று போடுவார். மறுநாள் பார்த்தால், முக்கிய அறிவிப்பின் தேதி விரைவில் அறிவிக்கப்படும் என்பதே அறிவிப்பு. போட்டுவிட்டு, யார் விரும்பினார்கள், யார் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள் என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் பெண்ணின் தகப்பனார் மாதிரி தவித்துக்கொண்டிருப்பார். கம்பெனிக்காரரின் ஒரே ஒரு சொல்லைப் பொறுக்காத இந்த மானஸ்தர், இதுவரை யாருமே கண்ணால் கண்டிராத 'அல்காரிதம்' என்ற ஒன்றுக்குக் காட்டிய பணிவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"காலையில போட்டா அதுக்குப் பிடிக்காது."

"எதுக்கு?"

"அல்காரிதத்துக்கு. முகம் தெரியற மாதிரி இருந்தாத்தான் பிடிக்கும். ரொம்ப சோகமா இருந்தாலும் பிடிக்காது."

"எங்க அத்தைக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லையே நீங்க," என்றார் மனைவி.

கடைசியில் பாட்டு வெளிவந்தது. நன்றாகவே தொடங்கியது. கதவு தட்டப்பட்டது. மௌனம் வந்தது. அவ்வளவுதான், இணைத் தயாரிப்பாளர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் எழுந்துவிட்டார்கள். 'சார், நடுவுல சத்தம் வரலை.' 'எனக்கு மட்டும்தானா இப்படி?' 'எனக்கும்தான், நெட்வொர்க்கை மாத்தியாச்சு.' 'போனை அணைச்சுப் போட்டுப் பாருங்க, எனக்குச் சரியாச்சு' என்று ஒருவர். எப்படிச் சரியானதோ அவருக்கே வெளிச்சம். எத்தனை பேர் எதுவரை கேட்டார்கள் என்று காட்டும் கோடு, அழகாக மலையேறிப் போய், கதவு தட்டிய இடத்தில் தலைகுப்புற விழுந்து கிடந்தது.

மாமனார் பதிவெல்லாம் போடுகிறவர் இல்லை. நேரே அழைத்தார்.

"மாப்பிள்ளை, உங்க பாட்டு கேட்டேன்."

"சொல்லுங்க மாமா!"

"பாதியில எதுவும் கேட்கலை. இயர்போன் போச்சுன்னு புதுசு வாங்கினேன். அதுலயும் கேட்கலை. சரி, வயசாச்சேன்னு காது டாக்டர்கிட்ட போனேன்."

"ஐயோ! என்ன சொன்னார்?"

"காதுல ஒண்ணும் இல்லையாம். உங்க பாட்டுலதான் ஒண்ணும் இல்லையாம். அவரும் கேட்டுப் பார்த்துட்டார்."

"மாமா, அது மௌனம். வேணும்னே வச்சது."

"வேணும்னேவா?" மாமனார் சற்று நேரம் பேசவில்லை. சுயேச்சை, "மாமா? மாமா? லைன்ல இருக்கீங்களா?" என்று பதறினார். "இருக்கேன், இருக்கேன். தயாரிப்பாளர்ங்கிற முறையில சொல்றேன், மாப்பிள்ளை. அங்க ஏதாவது போடுங்க."

சுயேச்சை விடவில்லை. மௌனத்தின் மேன்மையைப் பற்றி நேரலையில் வந்து பேசினார். பாட்டைவிட நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும், "அந்த இடத்துல இன்னும் சத்தம் வரலையே" என்று முதல் கேள்வி வந்தது. சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ஒரு நொடியைக்கூட மாத்த மாட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். கேட்கப்படாமலேயே சொன்னார். இந்த இனத்தில் அது நல்ல அறிகுறி அல்ல.

சிரிக்கிறீர்களா? நமக்கென்ன, நாம் பாடுகிறவரா, நிதி கேட்கிறவரா என்றுதானே? நல்லது. போன வாரம் நீங்கள் ஆசையாகப் போட்ட அந்தப் பூந்தொட்டிப் படம் என்ன ஆயிற்று? மனசுக்கு அவ்வளவு பிடித்திருந்த படத்தை, சித்தப்பா ஒருவரைத் தவிர யாரும் சீண்டவில்லை என்றதும் சத்தம் போடாமல் எடுத்துவிட்டு, அதே இடத்தில் உங்கள் சிரித்த முகத்தைப் போட்டீர்களே, யார் சொல்லிப் போட்டீர்கள்? அலமாரிக்குள் தலையை விட்டால்தானா சுயேச்சை? உங்களுக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு, வாசகரே. ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அதற்குள் நான் கதையை முடித்துவிடுகிறேன். சில நாள் கழித்துப் பாட்டு மீண்டும் ஏறியது. அறிவிப்பு இல்லை, காணொளி இல்லை. இதுவரை இல்லாத அடக்கம். மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மனைவியின் போனில் அது தானாக வந்து நின்றது. இயர்போனை மாட்டிக்கொண்டார். அவன் தெருவில் நடந்து வந்தான். படியேறினான். தட்டினான். மனைவி, மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, அவனோடு கதவுக்கு வெளியே நின்றார்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் சத்தம் வருவதற்கு முன்னால், மிக மென்மையாக, சுருதி சற்றும் பிசகாமல், அலமாரியின் புடவைகளுக்கு நடுவிலிருந்து கணவரின் குரல் வந்தது:

"நண்பர்களே, உங்க போன்ல கோளாறு எதுவும் இல்லை. பாட்டு தொடரும். மாமா, உங்க காதும் நல்லாத்தான் இருக்கு."