ஒரிஜினல் லாந்தர்

ரஞ்சித்குமார் அந்தச் செய்தியை அழித்தான். அதுதான் முதல் தப்பு. போட்டது தப்பில்லையா என்று கேட்டால், போட்டபோது அவனுக்கு அது ரொம்பச் சரியாகத்தான் பட்டது.

செய்தி இவ்வளவுதான்: "டின் லாந்தர் கேம் கம்பெனி ஆள் மாமல்லபுரத்தில் இருக்கிறார். சிற்பத்தை ஸ்கேன் செய்கிறார். சால்ட் கிரவுன் மூன்றாம் பாகத்தில் நம்ம ஊர் வருகிறது."

ஹோட்டல் ரிசப்ஷனில் நின்றுகொண்டு, ஒரு கையால் விருந்தினருக்கு அறைச் சாவியை நீட்டியபடியே மறு கையால் தட்டி 'சேவ் பாயிண்ட்' குரூப்பில் போட்டுவிட்டான். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை வீடியோ கேம் பைத்தியங்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்கும் வாட்ஸ்அப் குரூப் அது. எந்த கேம் எப்போது வருகிறது, எது தள்ளிப் போயிற்று, எந்தக் கம்பெனியில் ஆட்களைத் தூக்கினார்கள் என்று தினமும் காலையில் செய்தி போடுவது அட்மின் ரஞ்சித்குமாரின் வேலை. சம்பளம் கிடையாது. சம்பளம் வந்த எந்த வேலையையும் அவன் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

செய்தி போன வேகத்தில் மதுவந்தி கூப்பிட்டாள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருப்பவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் அணு ஆராய்ச்சி ஆபீஸ். ஆதாரம் இல்லாமல் சாம்பாரில் உப்பு இருக்கிறதென்றுகூட ஒத்துக்கொள்ளாத வீடு.

"ஆதாரம் என்ன?"

"கண்ணால பாத்தேன்."

"எதைப் பாத்தே?"

"டி-ஷர்ட்ட."

மறுமுனையில் களுக்கென்று ஒரு சத்தம் வந்தது.

"சிரிக்காத மது. பெல்ஜியத்துக்காரர். பேரு வில்லம். அந்தக் கம்பெனி சின்னம் லாந்தர் இருக்கற டி-ஷர்ட்ட போட்டுகினு நாஸ்தாவுக்கு வந்தாரு. அப்பறம் எதிர்ல சிற்பப் பட்டறைக்குப் போயி ஒரு கல் யானையைச் சுத்திச் சுத்தி வந்து போனைக் காட்டிகினு இருந்தாரு. கேம் கம்பெனிங்க அப்படித்தான் ஸ்கேன் பண்ணும்."

"லாந்தர் டி-ஷர்ட் நம்மகிட்டயும்தான் இருக்கு. போன வருஷம் கூடுவாஞ்சேரில அடிச்சோமே."

"அது நாமளா அடிச்சது. நம்முதுல லாந்தரோட தீ மஞ்சளா இருக்கும். அவருதுல ஆரஞ்சு. துணியே ஒரு மாதிரி மங்கலா, கெத்தா கீது. உடம்போட ஒட்டிகினு கீது, வெளிநாட்டு அளவு. கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும் குடுக்கறது அது. ஒரிஜினல்."

"இதை எங்க படிச்சே?"

"படிக்கணுமா? பாத்தாலே தெரியல?"

"அவரையே கேட்டுடலாமே."

கேட்க முடியாது. விருந்தினரிடம் சொந்த விஷயம் பேசுகிறவனுக்கு மறுநாள் இங்கே வேலை இல்லை என்பது மேனேஜர் கோபாலகிருஷ்ணனின் சட்டம். போனை வைத்த பிறகுதான் ரஞ்சித்குமாருக்கு இன்னொன்று உறைத்தது. 'சேவ் பாயிண்ட்' குரூப்பிலும் ஒரு சட்டம் உண்டு. பொய்ச் செய்தி போட்டால் ஒரு வருஷம் வெளியே. எழுதியது ரஞ்சித்குமார்தான். அந்தச் சட்டத்தில் பொங்கலுக்குக் கிருபாகரனைத் தூக்கியதும் அவன்தான். சித்தப்பா பையன் விளையாட்டுக்குச் சொன்ன ரிலீஸ் தேதியை நம்பிப் போட்டது கிருபாகரன் செய்த குற்றம். "மச்சான், ஒரே ஒரு தடவடா" என்று கெஞ்சினான். ரஞ்சித்குமார் கேட்கவில்லை.

ஆகவே செய்தியை அழித்தான்.

"தம்பி, ஒரு நிமிசம் இப்படி வா."

பக்கத்துக் கதவோரம் ரெபேக்காள் நின்றாள். ஹோட்டல் துணிகளை வெளுக்கிற அம்மா. எதையும் கிசுகிசுவென்றுதான் சொல்வாள், அதுவும் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு.

"அக்கா, உயிர் போற வேலை. அப்பறம்."

அவள் போய்விட்டாள்.

குரூப்பைப் பார்த்தான். அழிப்பதற்கு முன் பத்து பேர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அட்மின் டெலீட் பண்ணிட்டாரு! அப்ப உண்மைதான்!"

"உண்மையான லீக்கைத்தான் அழிப்பாங்கன்னு அவரே எழுதியிருக்காரே."

எழுதியிருந்தான். ஒரு கேம் பற்றிய ரகசியம் கசிந்தால் அது மெய்யா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என ஒரு நீளமான பாடம் எழுதி, குரூப்பின் உச்சியில் எல்லோர் கண்ணிலும் படும்படி குத்தி வைத்திருந்தான். மெய்யென்றால் அழிப்பார்கள், அப்புறம் மறுப்பார்கள், அப்புறம் காணாமல் போவார்கள். பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

மத்தியானம் அவன் மறுப்பு எழுதினான். 'நான் தவறாகப் புரிந்துகொண்டேன். மன்னிக்கவும்.'

நெம்மேலிக்காரன் ஹரிகிருஷ்ணன் உடனே பாய்ந்தான். "இந்தாளு ஜென்மத்துல மன்னிக்கவும்னு எழுதினது கிடையாது. இது வக்கீல் எழுதிக் குடுத்தது."

யாரும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ரஞ்சித்குமாருக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

விஷயத்தைச் சின்னதாக்கிவிடலாம் என்று நினைத்தான். 'அவர் பார்த்தது பழைய சிற்பம்கூட இல்லை. பட்டறையில் போன மாதம் செதுக்கிய ஒரு சாதாரண யானை' என்று எழுதினான்.

"யானையா!" என்றது குரூப். சாயங்காலத்துக்குள் யாரோ கவசம் போட்ட யானைப் படை ஒன்று வரைந்தார்கள். சென்னையில் ஒரு யூடியூபர், 'சால்ட் கிரவுன் மூன்றில் யானை உறுதி' என்று வீடியோ போட்டார். அதை ஒரு வெளிநாட்டுத் தளம் எடுத்து, 'இந்தியாவிலிருந்து நம்பகமான வட்டாரம்' என்று எழுதியது. நம்பகமான வட்டாரம் அப்போது ரிசப்ஷனில் ஏசி வேலை செய்யவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

"ரஞ்சித்!" என்று கோபாலகிருஷ்ணன் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அந்த பெல்ஜியம்காரர் பெட்டி ஏர்போர்ட்லேர்ந்து இன்னும் வரலையாம். போன் பண்ணிக் கேளு. மனுஷன் பாவம்."

"சரி சார்."

"தம்பி..." என்றாள் ரெபேக்காள், கையில் ஒரு மூட்டை மேஜை விரிப்போடு.

"நாளைக்கு அக்கா, சத்தியமா நாளைக்கு."

மறுநாள் அவன் குரூப்பை விட்டு வெளியேறினான். யாரோ தூக்குவதற்கு முன் தானே போவது மரியாதை என்று நினைத்தான். சாவியை மதுவந்தியிடம் கொடுக்கிற மாதிரி அட்மின் பொறுப்பை அவளுக்கு மாற்றினான், 'வெளியேறு' என்பதை அழுத்தினான், போனை அணைத்து மேஜை இழுப்பறையில் போட்டான்.

வேலை ஓடவில்லை. இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டபோது வீட்டில் யாரும் அவனிடம் பேசவில்லை. அப்பா சுவரிடம் பேசினார், அதை அவன் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் அவனோடு தினம் பேசியது இந்த ஆட்கள்தான். பேசியதெல்லாம் எந்தத் துப்பாக்கி நல்லது, எந்த மலையில் எந்தப் பூதம் ஒளிந்திருக்கிறது என்பதுதான். ஒருத்தர்கூட 'அடுத்து இன்னா பண்ணப்போற' என்று கேட்கவில்லை. அந்த ஒன்றைக் கேட்காமல் விட்டதற்காக அவன் அவர்களுக்கு எதையும் செய்திருப்பான். திருப்பிச் செய்யத் தெரிந்தது காலைச் செய்தி ஒன்றுதான். இப்போது அதுவும் போயிற்று.

அடுத்த நாள் காலை நாஸ்தா முடிகிற நேரம். ஈசிஆர் சாலையிலிருந்து வண்டிகள் வரிசையாக உள்ளே திரும்பின. பஸ்ஸில் வந்தவர்கள் கேட்டிலிருந்து நடந்து வந்தார்கள். இருபது, இருபத்தைந்து பேர் இருக்கும். எல்லோரும் மஞ்சள் தீ எரியும் லாந்தர் டி-ஷர்ட். கையில் அட்டை. அட்டையில் 'எங்கள் அட்மினை விடு'.

கோபாலகிருஷ்ணன் சிரித்த முகமாக வாசலுக்கு ஓடினார்.

"வாங்கோ, வாங்கோ. டூர் குரூப்பா? புக்கிங் இருக்கா?"

"எங்க அட்மின் எங்க?" என்றது முன்னால் நின்ற ஆள்.

"அட்மின் ஆபீஸ் மாடியில. என்ன விஷயமா?"

ரஞ்சித்குமார் கவுண்டருக்குப் பின்னாலிருந்து மெல்ல எழுந்தான். முன்னால் நின்றது கிருபாகரன். பொங்கலுக்குத் தூக்கப்பட்ட அதே கிருபாகரன். கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்த வேர்வை இன்னும் காயவில்லை.

"மச்சான்!" கிருபாகரன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணும் பேசாத. ஒட்டுக் கேப்பானுங்க. கம்பெனிக்காரன் மிரட்டறானா? ஆமான்னா கண்ண மட்டும் சிமிட்டு."

"டேய், நீ எதுக்குடா வந்த? உன்னத்தான் நான்..."

"அத அப்பறம் பேசிக்கலாம். சிமிட்டு."

அப்போதுதான் ரஞ்சித்குமார் எல்லோரையும் ஒழுங்காகப் பார்த்தான். வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார்கள். பாதிப் பேரை அவன் நேரில் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. தனக்காக ஒரு கூட்டம் இவ்வளவு தூரம் வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. கண்ணில் ஏதோ முட்டியது. அழக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடித் திறந்தான்.

"சிமிட்டிட்டான்டா!" என்று கத்தினான் ஹரிகிருஷ்ணன்.

ஹோட்டல் அதிர்ந்தது. "விடு! விடு! அட்மினை விடு!" நீச்சல் குளத்திலிருந்து ஒரு குடும்பம் துண்டோடு ஓடி வந்து வேடிக்கை பார்த்தது. கோபாலகிருஷ்ணன், "நான் யாரையும் பிடிச்சு வைக்கலையே! அவனுக்கு ரெண்டு நாள் லீவுகூட பாக்கி இருக்கே!" என்று கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன் சட்டை எங்கடா?" என்று கிருபாகரன் ரஞ்சித்குமாரின் யூனிஃபார்மைப் பார்த்துக் கேட்டான். "போட்டுக்கோ, எல்லாம் ஒண்ணா நிப்போம்."

"சாம்பார் கொட்டிச்சு. சலவைல கீது."

மாடிப்படியில் வில்லம் இறங்கி வந்தார். ஆரஞ்சுத் தீ எரிகிற லாந்தர் டி-ஷர்ட். கோஷம் பாதியில் நின்றது. அவர் கூட்டத்தின் மார்பைப் பார்த்தார், தன் மார்பைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பாகி இரண்டு கையையும் கூப்பினார்.

கூட்டத்திலிருந்து மதுவந்தி முன்னால் போனாள். அவளுக்கு இந்த ஹோட்டலில் வேலை இல்லை. எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆங்கிலத்தில் கேட்டாள். "சார், நீங்க கேம் கம்பெனியா?"

"நானா? குளியலறை ஓடு விற்றேன். இப்போது ஓய்வு."

"அந்த யானையை ஸ்கேன் பண்ணினீங்களே?"

"போனால் அளந்தேன். என் தோட்டத்துக்கு. கேட் வழியாக நுழையுமா என்று பார்க்க வேண்டாமா?"

"அப்ப சால்ட் கிரவுன்?"

"உப்பை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்."

வில்லம் பேசிக்கொண்டே போனார். இந்தச் சட்டையைப் போட்டால் இந்த ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள், வணக்கம் சொல்கிறார்கள் என்றார். மனைவி போன பிறகு தன் பிறந்தநாளுக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை என்றார். என்னை வரவேற்க எல்லோரும் என்னைப் போலவே உடுத்தி வந்திருக்கிறீர்களே, இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்துக் குலுக்கினார். அவரிடம் உண்மையைச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கோபாலகிருஷ்ணன் மட்டும் சட்டென்று நிமிர்ந்து, "எங்க ஹோட்டல்ல இது எப்பவும் உள்ள வழக்கம் சார்" என்றார்.

ரஞ்சித்குமார் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றான்.

"செய்தி பொய். போட்டது நான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒரு வருஷம் நான் வெளிய."

மதுவந்தி தரையைப் பார்த்தாள். கிருபாகரன்தான் பேசினான்.

"ஆமா அண்ணாத்த, ரூல் ரூல்தான். வெளியதான்." மூக்கைச் சொறிந்துகொண்டான். "வெளிய நானும் தனியாத்தான் குந்திகினு கீறேன். செம பேஜாரு. பேசக்கூட ஆள் இல்ல. இன்னொரு குரூப் ஆரம்பிச்சிடலாமா? பேரு 'கேம் ஓவர்'. பொய் போட்டவன் எல்லாம் இங்க வரலாம்."

"பொய்யை நம்பினவங்க?" என்றாள் மதுவந்தி.

"அவங்களும்."

எல்லோரும் போனை எடுத்தார்கள். ரஞ்சித்குமார் இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்து உயிர்ப்பித்தான். அது அதிர்ந்தது, அதிர்ந்தது, அதிர்ந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் புதிய குரூப்பில் சேர்ந்திருந்தார்கள்.

"தேங்க்ஸ்டா" என்றான். அந்தச் சொல் அவன் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. இன்னொரு தடவை சொன்னான். "எல்லாருக்கும் தேங்க்ஸ்."

"இதையும் வக்கீல்தான் எழுதிக் குடுத்தானா?" என்றான் ஹரிகிருஷ்ணன்.

சிரிப்பு அடங்கியதும் ரஞ்சித்குமார் தொண்டையைச் செருமினான். முழுசாகத் தோற்றுப்போக அவனுக்கு இன்னும் இஷ்டமில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அவர் கேம் கம்பெனி இல்ல, ஒத்துக்கறேன். யானை தோட்டத்துக்கு, அதையும் ஒத்துக்கறேன். ஆனா அந்த டி-ஷர்ட் ஒரிஜினல். அந்த ஆரஞ்சு கூடுவாஞ்சேரில வராது. கேம் விஷயத்துல என் கண்ணு தப்பாது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெபேக்காள் வந்தாள். இந்தத் தடவை மேனேஜர் அறைப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் பக்கத்திலேயே நின்றும் குரலைத் தாழ்த்தவில்லை.

"தம்பி, நானும் எத்தினி தபா வந்தேன். நீ காது குடுக்கல. வந்த அன்னிக்கு அந்த வெள்ளக்காரருக்குப் பொட்டி வரல. மாத்துத் துணி இல்லாம துண்டோட நின்னாரு. பாவமா இருந்திச்சு. அலமாரில இருந்தத எடுத்துக் குடுத்துட்டேன்."

"எதைக்கா?"

"உன்னுதத்தான். சாம்பார் கறை போகட்டும்னு ஊறப் போட்டேன், கூட ஒரு செவப்பு மேஜை விரிப்பு கெடந்தது எனக்குத் தெரியல. மஞ்சள் தீ ஆரஞ்சாப் போச்சுப்பா, மன்னிச்சுக்க."